இரண்டு பேர் டிஸ்பேட்ச்

காரைக்குடியில் ஒரு கைத்தறிச் சேலைக் கடையின் பின்கட்டில் எனக்கு வேலை. முன்பக்கம் கடை. பின்பக்கம், அந்தக் காலத்து வீட்டின் இரண்டாம் கட்டில் மேசை போட்டு, ஆன்லைனில் விற்கிற சேலைகளை வெளியூருக்கு அனுப்புகிறோம். சேலையை மடித்து உறையில் போட்டு, அட்டைப்பெட்டியில் வைத்து, டேப் ஒட்டி, விலாசச் சீட்டை ஒட்டி, கூரியர் வண்டி வரும்வரை சுவரோரம் அடுக்கி வைப்போம். என்ன வேலை என்று யாராவது கேட்டால் ‘டிஸ்பேட்ச் செக்‌ஷன்’ என்பேன். அம்மாவுக்கு அது வாயில் நுழையாது. பார்சல் ஆபீஸ் என்பாள்.

ஒரு வார்த்தையை நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தால் அதன் குணம் பிடிபட்டுவிடும். அனுப்புவது வேறு, டிஸ்பேட்ச் வேறு. அம்மா பக்கத்து வீட்டுக்குக் குழம்பு கொடுத்தனுப்பினால், கிண்ணம் திரும்பி வரும்வரை அவள் நினைப்பு அங்கேதான் இருக்கும். யாரையாவது பஸ் ஏற்றி அனுப்பினால், போய்ச் சேர்ந்தாயா என்று கேட்காமல் நமக்குச் சோறு இறங்காது. டிஸ்பேட்ச் அப்படி இல்லை. பெட்டி வண்டியில் ஏறியதும் கம்ப்யூட்டரில் ஒரு தட்டு தட்டுவேன். ‘டிஸ்பேட்ச்டு’ என்று பச்சையில் வரும். அதற்கப்புறம் அந்தப் பெட்டி என் பொறுப்பு இல்லை. வாங்கியவர் போன் பண்ணிக் கத்தினாலும், “எங்க பக்கம் டிஸ்பேட்ச் ஆயிருச்சுங்க மேடம்” என்று சொல்லிவிட்டு வைத்துவிடலாம். கையைக் கழுவிக்கொண்டு நகர்கிற வார்த்தை அது.

அதனால்தான், ஒரு மனிதர் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே என் தம்பியைப் பற்றி அந்த வார்த்தையைச் சொன்னபோது நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

தம்பி என்னைவிட ரொம்பச் சின்னவன். அப்பா போனபின் அம்மாவும் நானுமாகத்தான் அவனை வளர்த்தோம். பி.காம் முடித்துவிட்டு, பழைய வீட்டை ஓட்டலாக மாற்றிய ஓர் இடத்தில் வரவேற்பு மேசையில் இருந்தான். வெளிநாட்டுக்காரர்கள் வரும் மாதங்களில் வேலை இருக்கும். வெயில் காலத்தில் ஆளைக் குறைத்துவிடுவார்கள். அப்போதெல்லாம் என்னோடு பின்கட்டுக்கு வந்து பெட்டி ஒட்டுவான். வாடிக்கையாளர் போனைச் சில சமயம் அவனே எடுப்பான். டிராக்கிங், கன்சைன்மெண்ட், டிஸ்பேட்ச் என்று பெரிய அதிகாரி மாதிரி அவன் பேசுவதைக் கேட்டு நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

வந்த மனிதர் எங்கள் கோட்டையூர்க்காரர்தான். செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருந்தவர். பிறகு காரைக்குடியில் ஒரு மாடியில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஆபீஸ் போட்டார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, யாரிடமும் குரலை உயர்த்தாத பேச்சு.

“தாய்லாந்துல பெரிய கம்பெனி. கம்ப்யூட்டர்ல அடிக்கிற வேலை. ரூமு, சாப்பாடு, டிக்கெட்டு எல்லாம் அவுகளே பாத்துக்கிருவாக. உங்க கையில இருந்து ஒண்ணும் போகாது” என்றார்.

“சும்மாவா கூட்டிட்டுப் போறாக?” என்று அம்மா கேட்டாள்.

“ஆளு வேணுமுல்ல அவுகளுக்கு. இங்கிலீசு தெரிஞ்ச பிள்ளைகளுக்கு அங்குட்டு அம்புட்டுக் கிராக்கி. நீக ஒண்ணுக்கும் கவலைப்படாதீக. பாஸ்போர்ட்டை மட்டும் குடுங்க. அடுத்த வாரம் டிஸ்பேட்ச் பண்ணிருவோம்.”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். “என்னத்தா சொல்றாக?”

“அனுப்பி வைப்பாகளாம்” என்றேன். அப்படித்தான் மொழிபெயர்க்க முடிந்தது. பிறகு அவரிடம், அங்கே இறங்கினால் யார் கூப்பிட வருவார்கள், கம்பெனி எந்த ஊரில் இருக்கிறது என்றெல்லாம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். “ஆளு நிக்கும்த்தா.” அவர் போனபின், எனக்கு இது பிடிக்கவில்லை என்று தம்பியிடம் சொன்னேன். அவன் சிரித்தான். “யக்கா, நீ பெட்டி ஒட்டி ஒட்டி எல்லாத்தையும் பெட்டியாவே பாக்குற.”

அவன் சிரித்தால் எங்கள் வீட்டில் வேறு பேச்சு எடுபடாது.

கிளம்புவதற்கு முன்னால் அரியக்குடிக்குப் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்தோம். திருச்சி விமான நிலையத்துக்கு அம்மாவும் நானும் கூடவே போனோம். அங்கே தேவகோட்டையிலிருந்து ஒரு பையனும் அவன் அம்மாவும் வந்து நின்றார்கள். அவனும் அதே வேலைக்குப் போகிறான். ஒல்லியான பிள்ளை. புதுசாக வாங்கிய நீலக் கட்டம்போட்ட சட்டை, மடிப்புக் கோடுகூடக் கலையாமல் இருந்தது. பேசினால் கொஞ்சம் திக்கும். அந்தத் திக்கலை மறைக்க எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான். அவன் அம்மா ஒரு டப்பா நிறையச் சீப்புச் சீடை கொண்டுவந்திருந்தாள். அதைத் தம்பியின் கையில் கொடுத்து, “நீ கேட்டு வாங்கிச் சாப்பிடுவ. அவன் கூச்சப்படுவான். பாத்துக்கய்யா” என்றாள். தம்பி, “நான் பாத்துக்கிர்றேன்ம்மா” என்றான்.

ஏஜெண்டு இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். பாஸ்போர்ட்டைத் திறந்து நெஞ்சுக்கு நேராகப் பிடிக்கச் சொல்லிப் போட்டோ எடுத்தார். எடுத்ததை அங்கேயே நின்று யாருக்கோ அனுப்பினார். நான் அவருடைய தோளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். படத்துக்குக் கீழே அவர் தட்டியது எனக்குத் தெரிந்தது. ஆங்கிலத்தில், ‘இரண்டு பேர் டிஸ்பேட்ச்டு’ என்று மட்டும் இருந்தது. பெயர்கூட இல்லை. அதற்குள் இருவரும் உள்ளே போய், கண்ணாடிக் கதவு மூடிவிட்டது. தம்பி அந்தப் பக்கத்திலிருந்து கையை ஆட்டினான். தேவகோட்டைப் பையன் திரும்பிப் பார்க்கத் தெரியாமல் வரிசையில் முன்னால் போய்க்கொண்டிருந்தான்.

இறங்கிவிட்டேன் என்று ஒரு செய்தி வந்தது. காரில் போகிறோம், ரொம்ப தூரம் போகிறது என்று இன்னொன்று. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

பின்கட்டில் நான் எப்போதும்போலப் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பெட்டியும் இப்போது எந்த ஊரில் நிற்கிறது, எத்தனை மணிக்குக் கூரியர்க்காரர்களின் எந்தக் கிட்டங்கியைத் தாண்டியது என்று கம்ப்யூட்டரில் பார்க்கலாம். ஒரு சேலை தொலைந்தால் தேடுவதற்கு வழி இருக்கிறது. வளர்த்த பிள்ளை எங்கே என்று கேட்க ஓர் எண்ணும் இல்லை. ஏஜெண்டிடம் கேட்டால், “புது இடம், டவர் கிடைக்காது. ரெண்டு வாரத்துல அவனே பேசுவான்” என்றார்.

அவனே பேசினான். ஒரு பிற்பகல், சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

“வணக்கம் அக்கா. நீங்க நல்லா இருக்கீங்களா? அம்மா எப்படி இருக்காங்க?”

எனக்குக் கை ஈரத்தோடு அப்படியே நின்றுவிட்டது. என் தம்பி பிறந்ததிலிருந்து என்னை ‘நீ’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறான். மரியாதையாகப் பேச வேண்டிய ஆட்களிடம்கூட அவனுக்கு ‘இருக்கீக’தான் வரும். இந்த ‘இருக்கீங்களா’ எங்கள் வீட்டு வார்த்தையே இல்லை. யாரோ அவனுக்குத் தமிழை இஸ்திரி போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது.

“என்னடா ஆச்சு?” என்றேன்.

“நான் ரொம்ப நல்லா இருக்கேன் அக்கா. வேலை ரொம்ப நல்லா இருக்கு. ரூம்ல ஏசி இருக்கு. நீங்க கவலைப்படாதீங்க. உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது நல்ல வேலைக்கு முயற்சி பண்ணிட்டு இருந்தாங்கன்னா சொல்லுங்க.”

அவன் பேசிய வேகத்தில் மூச்சு விடுகிற இடம்கூட வேறாக இருந்தது. பின்னால் நிறையப் பேர் ஒரே சமயத்தில் பேசுகிற சத்தம், பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி. “பக்கத்துல யாரும் இருக்காகளா?” என்று கேட்டேன். “ஆமாம் அக்கா, சந்தோஷம் அக்கா” என்று சொல்லி வைத்துவிட்டான்.

அம்மாவிடம், தம்பி பேசினான், நன்றாக இருக்கிறானாம் என்றேன். அவள் அன்றைக்குப் பாயசம் வைத்தாள். அதை நானும் குடித்தேன்.

பிறகு வேறோர் எண்ணிலிருந்து எழுத்தாக ஒரு செய்தி வந்தது. எங்கள் பேச்சிலேயே எழுதியிருந்தான். ‘யக்கா, ஆத்தைத் தாண்டி வேற நாட்டுக்குக் கூட்டியாந்துட்டாக. பாஸ்போர்ட்டைப் புடுங்கிட்டாக. சன்னல்ல கம்பி. போன்ல ஆளுகளைப் பயமுறுத்தி ஏமாத்துற வேலை. செய்யலைன்னா அடி. இதைப் படிச்சதும் அழிச்சுரு. திரும்ப இதுக்குப் பேசாத.’

படித்துவிட்டு நான் முதலில் செய்த காரியம், சேலைக் கட்டுகளுக்குப் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்ததுதான். எழுந்து நேராக ஏஜெண்டின் மாடிக்குப் போனேன். அவர் என்னை உட்காரச் சொல்லி, ஆபீஸ் பையனிடம் குடிக்கக் கலர் வாங்கிவரச் சொன்னார். நான் செய்தியைச் சொன்னேன். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

“வேலை கஷ்டமா இருக்கும்த்தா. சின்னப் பிள்ளைக அப்படித்தான் எதையாச்சும் சொல்லும்.”

“அவனைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்க.”

“சொல்லலாம். கம்பெனிக்கு ஆளு குறையுமுல்ல. அவனுக்குப் பதிலா ரெண்டு பேரு போனா, அவனை விட்டுருவாக. நீ வேலை பாக்குற எடத்துல எத்தனையோ பேரு இருக்காக. பேசிப் பாரு. நான் டிஸ்பேட்ச் பண்ணிர்றேன்.”

கலர் பாட்டில் என் முன்னால் வேர்த்துக்கொண்டு நின்றது. அதைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

அதே வாரம் தம்பி மறுபடி அந்த இஸ்திரி போட்ட தமிழில் பேசினான். “இரண்டு பேர் இருந்தால் போதும் அக்கா. அவங்க வந்ததும் நான் லீவுல ஊருக்கு வந்துருவேன். உன்னையப் பாக்கணும்போல இருக்கு யக்கா.” கடைசி வரி மட்டும் அவனுடையது. அது எனக்குத் தெரிந்தது. அது யாருக்குத் தெரியக்கூடாதோ அவர்களுக்கும் தெரிந்திருக்கும் என்று பயந்தேன்.

எங்கள் பின்கட்டில் என்னோடு சேலை மடிக்கிற பெண் ஒருத்தி. அவள் வீட்டுக்காரர் அப்போது வேலை இல்லாமல் இருந்தார். எங்கள் தம்பி வெளிநாடு போன விஷயம் எல்லோருக்கும் தெரியும். அவள் ஒருநாள் பக்கத்தில் வந்து, “அக்கா, இவுகளுக்கும் இவுக தம்பிக்கும் அங்குட்டு ஒரு வேலை சொல்லிவிடுங்களேன். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்” என்றாள்.

இரண்டு பேர். நான் கேட்காமல், தேடாமல், அவளே கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். “பாக்குறேன்” என்றேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அதுவரை அவளுக்கு ஏசி ரூம் மட்டும்தான் தெரியும். ஆறு, கம்பி, அடி, இரண்டு பேர், சேலை மடிக்கிறவள் கேட்டது எல்லாம் சொன்னேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்க்காமல், “அவளாத்தானே கேக்குறா” என்றாள்.

“அம்மா.”

“நீயாப் போய்க் கூப்பிடலையே. அவளாத்தானே கேக்குறா. சொல்லித்தான் பாரேன்.”

என் அம்மா யாருக்கும் கெடுதல் நினைத்தவள் இல்லை. தெருநாய்க்குச் சோறு வைக்காமல் சாப்பிட மாட்டாள். அந்த வாயிலிருந்துதான் அது வந்தது. எனக்கு அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது. அதைவிட, அவள் சொன்னதும் என் மனசு ஒரு கணம் அந்த இரண்டு பேரின் முகங்களையும் நினைத்துப் பார்த்ததே, அது பயமாக இருந்தது.

மறுநாள் போனதும் முதல் வேலையாக அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. என் தம்பி மட்டும் நன்றாக இருக்கவேண்டும் என்று மறைக்கிறேன் என்று நினைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நம்பினாள். அன்று முழுக்க இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சேலை மடித்தோம். வீட்டில் அம்மா சில நாள் என்னோடு பேசவில்லை. தட்டில் சோற்றைப் போட்டு என் பக்கம் நகர்த்திவிட்டுப் போவாள்.

தேவகோட்டை அம்மாவின் எண் என்னிடம் இருந்தது. அவள் மகனிடமிருந்து வந்த செய்தி ஒன்றே ஒன்றுதான், நன்றாக இருக்கிறேன் என்று. நான் விஷயத்தைச் சொன்னபோது அவள் அழவில்லை. “எனக்குத் தெரியும் தங்கச்சி. என்னைய ‘அம்மா’ன்னு எழுதியிருந்தான். ஆத்தான்னுதான் கூப்பிடுவான்” என்றாள்.

நாங்கள் இருவரும் போலீஸில் புகார் கொடுத்தோம். திங்கட்கிழமைகளில் சிவகங்கை கலெக்டர் ஆபீஸுக்குப் போய் மனு கொடுத்தோம். அங்கே எங்களை யாரும் விரட்டவில்லை. ஓர் அதிகாரி பொறுமையாகக் கேட்டு, இதுபோல வேறு ஊர்களிலிருந்தும் மனு வந்திருக்கிறது, மேலே அனுப்பியிருக்கிறோம், தூதரகத்துக்குப் போகும் என்றார். ஏஜெண்டை ஒருநாள் போலீஸ்காரர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். ஊரில் அவரைப் பற்றிப் பேச்சு பரவியது. நான் தெருவில் போனால் சிலர் பரிதாபப்பட்டார்கள், சிலர் ஏஜெண்டு நல்லவர்தானே என்றார்கள்.

அந்த நாட்களில்தான் இன்னொரு போன் வந்தது. பின்கட்டில் கடை எண்ணுக்கு வந்தது. நான் எடுத்தேன். ஓர் இளம்பிள்ளையின் குரல்.

“மேடம், உங்க பேர்ல டிஸ்பேட்ச் ஆன ஒரு பார்சலை கஸ்டம்ஸ்ல நிறுத்தி வச்சிருக்காங்க. அதுல சட்டவிரோதமான பொருள் இருக்கு. உங்க மேல கேஸ் ஆகியிருக்கு. லைன்ல இருங்க, போலீஸ் அதிகாரிகிட்ட இணைக்கிறேன்.”

எனக்குப் புரிந்துவிட்டது. பின்னால் அதே வாய்ப்பாட்டுச் சத்தம். போனை வைத்துவிட வேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். என்னால் முடியவில்லை.

“நீ எந்த ஊருப்பா?” என்றேன்.

“மேடம், உங்க ஆதார் எண் சொல்லுங்க.”

“சாப்பிட்டியாப்பா?”

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. அவன் மூச்சு மட்டும் கேட்டது. யாரோ தூரத்தில் அதட்டினார்கள். லைன் அறுந்துவிட்டது. அவன் யார், எந்த ஊர்ப் பிள்ளை, இன்றுவரை தெரியாது. நான் கேட்ட கேள்விக்காக அவனுக்கு என்ன நடந்ததோ என்ற நினைப்பு என்னை விடவே இல்லை.

மழைக்காலம் முடிகிற சமயத்தில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் பட்டாளத்துக்காரர்கள் அந்தக் கட்டடங்களில் சிலவற்றுக்குள் புகுந்து ஆட்களை வெளியே விட்டார்கள் என்று டிவியில் வந்தது. அதில் தம்பி இருந்தான். முகாமில் வைத்திருந்து, டெல்லி வழியாக ஊருக்கு அனுப்பினார்கள். மதுரை விமான நிலையத்துக்குப் போய் அழைத்து வந்தோம். அம்மா அவனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அவன் ஒரு பிளாஸ்டிக் பையைப் பிடித்துக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் வழிவிட்டு ஒதுங்கி ஒதுங்கி நின்றான்.

தேவகோட்டைப் பையன் அவனோடு வரவில்லை. அவன் அம்மாவும் அன்று மதுரைக்கு வந்திருந்தாள். கடைசி ஆள் வெளியே வரும்வரை நின்றாள். பிறகு தம்பியிடம் வந்து, “அவன் பின்னால வாரானாய்யா?” என்று கேட்டாள். தம்பி தரையைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அது ஆமாம் என்றா இல்லை என்றா யாருக்கும் தெரியவில்லை. அவள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

வீட்டில் தம்பி போனைத் தொடுவதில்லை. யாருடைய போனாவது மணி அடித்தால் முதுகு நிமிர்ந்து உட்காருவான். ஓட்டலில் மறுபடி கூப்பிட்டார்கள், போகவில்லை. ஊருக்கு வெளியே ஒரு கோழிப்பண்ணையில் வேலைக்குப் போனான். அங்கே யாரோடும் பேச வேண்டியதில்லை என்றான்.

தேவகோட்டை அம்மா வாரம் தவறாமல் பஸ்ஸில் வந்தாள். வந்தால் தம்பி பின்வாசல் வழியாகப் போய்விடுவான். அவள் கொஞ்ச நேரம் இருந்து, அம்மாவோடு காய் நறுக்கிக் கொடுத்துவிட்டுப் போவாள். ஒருமுறைகூடத் தம்பி எங்கே என்று கேட்கவில்லை.

ஒருநாள் நான் அவனை விடவில்லை. கோழிப்பண்ணைக்குப் போகிற வழியில் கண்மாய்க்கரையில் நிறுத்தி, “என்கிட்டயாச்சும் சொல்லு” என்றேன். சொன்னான்.

அவனைப் பார்சல் பிரிவில் போட்டிருக்கிறார்கள். இந்தியாவில் இருக்கிறவர்களைக் கூப்பிட்டு, உங்கள் பெயரில் வந்த பார்சலில் இது இருக்கிறது, அது இருக்கிறது என்று மிரட்டுகிற பிரிவு. “எனக்கு அந்த வார்த்தை எல்லாம் தெரியுமுல்ல யக்கா. உன் பக்கத்துல உக்காந்து கேட்டதுதான். அதனால நல்லாப் பேசுறேன்னு வச்சுக்கிட்டாக. நான் அடி கம்மியா வாங்குனேன்.” இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

சரியாகப் பேசாதவர்களுக்கு அங்கே ஒரு வார்த்தை உண்டாம். மேனேஜர் வரிசையில் நடந்து வருவான். ஒருவன் நாற்காலிக்குப் பின்னால் நின்று ‘டிஸ்பேட்ச்’ என்பான். அவ்வளவுதான். சாயங்காலம் வேன் வரும். அவனை வேறு கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள். வேறு மாதிரியும் சொல்வார்கள். வேனில் ஏறியவனின் பாயை அடுத்த நாள் வேறொருவன் விரித்துக்கொள்வான்.

“அவனுக்குத் திக்குமுல்ல” என்றான் தம்பி. “மிரட்டுறப்ப திக்குனா யாரு பயப்படுவா? அதுக்காகவே தினம் அடி வாங்குனான். ஒருநாள் யாரோ ஒரு வயசான அம்மா லைன்ல கிடைச்சாக. அழுதாக. நான் பக்கத்து நாற்காலி. இவன், திக்காம, சுத்தமாச் சொன்னான், ‘யாருக்கும் எதையும் அனுப்பாதீங்க, போனை வைங்க’ன்னு.”

அதற்குமேல் அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கண்மாயில் தண்ணீர் வற்றி, கொக்குகள் சேற்றில் நின்றுகொண்டிருந்தன.

அடுத்த முறை தேவகோட்டை அம்மா வந்தபோது தம்பி பின்வாசலுக்குப் போகவில்லை. அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். என்னிடம் சொன்னதையெல்லாம் அவளிடமும் சொன்னான். அவள் மகன் அந்த வயசான அம்மாவைக் காப்பாற்றியதைச் சொன்னான். அதற்குப் பிறகு அவனை அனுப்பிவிட்டார்கள் என்றான்.

“அனுப்பிட்டாகன்னா? எங்குட்டு?” என்று அவள் கேட்டாள்.

“தெரியலம்மா. எங்குட்டுன்னு சொல்ல மாட்டாக. கேட்டா, கேட்டவனையும் அனுப்பிருவாக.”

“நீ கேட்டியா?”

அடுப்படி வாசலில் நின்ற அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“இல்லம்மா” என்றான் தம்பி. “கேக்கலை.”

அவள் அவனைத் திட்டுவாள் என்று நினைத்தேன். மண்ணை வாரித் தூற்றியிருந்தாலும் நாங்கள் வாங்கிக்கொண்டிருப்போம். அவள் கையில் இருந்த வெண்டைக்காயை நறுக்கி முடித்தாள். கத்தியைத் துடைத்து வைத்தாள். “திக்காமச் சொன்னான்னா சொன்ன?” என்று மட்டும் கேட்டாள்.

“ஆமாம்மா. ஒரு எழுத்துக்கூடத் திக்கலை.”

“வர்ற திங்கக்கிழமை நான் சிவகங்கைக்குப் போறேன்” என்றாள் அவள். “இதை எல்லாம் அங்க வந்து சொல்லுவியா?”

தம்பி சரி என்றான்.

மூவரும் போனோம். பஸ்ஸில் தம்பி அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். காரைக்குடியைத் தாண்டும்போது அந்த மாடி ஆபீஸைப் பார்த்தேன். ஏஜெண்டு ஜாமீனில் வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன். பழைய போர்டு இல்லை. புதுப் பெயரில் புது போர்டு மாட்டியிருந்தது. படிக்கட்டில் நாலைந்து பிள்ளைகள் கையில் கவரோடு உட்கார்ந்திருந்தார்கள்.

கலெக்டர் ஆபீஸில் வரிசை நீளமாக இருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் நின்றார்கள். வயல் வேலைக்காரர்கள் மாதிரி இருந்தார்கள். அந்த மனைவி திரும்பி, இங்கேதான் மனு கொடுக்க வேண்டுமா என்று கேட்டாள். அவள் கையில், பாஸ்போர்ட்டை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை சிரிக்கிற போட்டோ. போனிலிருந்து கடையில் கொடுத்துப் பிரதி எடுத்தது.

தம்பி அதை வாங்கிப் பார்த்தான். திருப்பிக் கொடுக்கவில்லை. “எப்ப போனாக?” என்று கேட்டான்.

“போன மாசம்” என்றாள் அந்தம்மா. “நல்லா இருக்கேன்னு ஒருதடவை பேசுச்சு. என்னமோ, அது பேசுற மாதிரியே இல்ல.”